உங்களுக்குத் தெரியுமா? தார் பூசிய சுங்கக்காரரும் நம்மூர் கிஸ்தியும்

சிவகாசி நாரணாபுரம் பக்கம் அச்சகச் சுவர்களில் முருகன், லட்சுமி, தொட்டில் குழந்தை, சுவிட்சர்லாந்து மலை என்று மாதிரிப் படங்கள் தொங்கும். அந்த வரிசையில் தொங்காத ஒரு படத்தைப் பற்றித்தான் இந்த வாரம். 1774-ல் லண்டனில் அச்சான கேலிச் சித்திரம் அது. வரி வசூலிக்க வந்தவரைப் பிடித்து மேலெல்லாம் தார் பூசி, இறகு ஒட்டி, வாயில் தேநீர் ஊற்றுகிறார்கள். இன்று அமெரிக்காவில் இது போஸ்டர், பள்ளிப் பாடநூல் படம், நினைவுப் பொருள். சம்பவம் நடந்தது பாஸ்டனில். தேயிலையின் சொந்தக்காரர் மட்டும் நமக்கு நன்றாகப் பழக்கப்பட்ட கம்பெனி.

படத்தில் யார், என்ன?

நடுவில் உட்கார வைக்கப்பட்டிருப்பவர் சுங்க அதிகாரி ஜான் மால்கம். உடம்பு முழுக்க இறகு. சுற்றி நிற்கும் ஐந்து பேரில் ஒருவர் தேநீர்க் கெண்டியை அவர் வாயில் கவிழ்க்கிறார். பின்னால் ஒரு மரம், அதில் தூக்குக் கயிறு. மரத்தில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் 'முத்திரை வரிச் சட்டம்' என்ற எழுத்து தலைகீழாகத் தெரியும். தூரத்தில் கப்பல், அதிலிருந்து பெட்டி பெட்டியாகத் தேயிலையைக் கடலில் கொட்டுகிறார்கள். காலடியில் தார் வாளி.

வரைந்தவர் பிலிப் டா என்று கருதப்படுகிறது. வெளியிட்டவர்கள் ராபர்ட் சேயர், ஜான் பென்னட். கடை லண்டன் ஃப்ளீட் தெரு, 53-ம் எண். தேதி 31 அக்டோபர் 1774.

மால்கத்துக்கு அது இரண்டாவது தார்

1774 ஜனவரி 25. பாஸ்டனில் கடுங்குளிர். தெருவில் ஒரு சிறுவனை மால்கம் மிரட்டிக்கொண்டிருந்தபோது ஜார்ஜ் ஹியூஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி குறுக்கிட்டார். வாய்ச்சண்டை முற்றியது. "என்னை யாரும் தார் பூசி இறகு ஒட்டவில்லையே" என்கிற பொருளில் ஹியூஸ் ஒரு குத்து குத்தினார். காரணம், சில மாதங்களுக்கு முன்புதான் வேறோர் ஊரில் மால்கத்துக்கு அந்த மரியாதை நடந்திருந்தது. அப்போது உடுப்பின் மேலேயே பூசிவிட்டு விட்டுவிட்டார்கள். ஆத்திரத்தில் மால்கம் கைத்தடியால் ஹியூஸின் மண்டையில் அடித்தார். அன்றிரவு கூட்டம் வந்தது. இந்த முறை உடுப்பைக் கழற்றிவிட்டுத் தோலிலேயே பூசினார்கள். ராஜ குடும்பத்து ஆட்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் தேநீர் குடிக்க வைத்தார்கள்.

பிறகு மால்கம் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். உரிந்த தோலில் தாரும் இறகும் ஒட்டிய ஒரு துண்டைச் சான்றாக எடுத்துப் போனாராம். இழப்பீட்டு மனுவோடு சேர்க்க இதைவிடப் பலமான இணைப்பு இருக்க முடியாது.

ஒன்பது வருஷம், ஒரே சட்டகம்

முத்திரை வரிச் சட்டம் 1765-ல் வந்து 1766-லேயே ரத்தாகிவிட்டது. தேயிலையைக் கடலில் கொட்டியது 1773 டிசம்பர் 16. மால்கத்துக்குத் தார் பூசியது அதற்கடுத்த மாதம். ஆனால் படத்தில் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. கதாநாயகன், வில்லன், சண்டை, பாட்டு எல்லாவற்றையும் ஒரே தாளில் அடைக்கும் நம் பழைய சினிமா போஸ்டர்காரர்களிடம் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் 'லேஅவுட்' போட்டிருப்பார்கள்.

கொட்டியது இந்தியத் தேயிலை இல்லை

பாஸ்டனில் கடலுக்குப் போன தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியினுடையது. ஆகவே அது அஸ்ஸாமிலோ நீலகிரியிலோ விளைந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. முழுக்கச் சீனச் சரக்கு அது. இந்தியாவில் கம்பெனி தேயிலை பயிரிடத் தொடங்கியதே 1830-களில்தான். டார்ட்மவுத், எலெனர், பீவர் என்ற மூன்று கப்பல்கள், 342 பெட்டி, எடை 92,000 பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 42,000 கிலோ. கம்பெனி போட்ட நஷ்டக் கணக்கு 9,659 பவுண்டு.

அந்தத் தேயிலைக்குப் பின்னால் வங்காளப் பஞ்சம்

1770-ஐ ஒட்டி வங்காளத்தில் கொடும் பஞ்சம். லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். கம்பெனி வரி வசூலை நிறுத்தவில்லை. அப்படியும் கஜானா ஓட்டை. லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை மலையாகக் குவிந்து கிடந்தது. 1773-ல் கம்பெனி பிரிட்டிஷ் அரசிடம் 14 லட்சம் பவுண்டு கடன் வாங்கியது. கிடக்கிற தேயிலையை அமெரிக்காவில் நேரடியாக விற்றுக்கொள்ளச் சலுகை தந்து அதே ஆண்டில் தேயிலைச் சட்டம் வந்தது. விலை குறைந்தது. ஆனால் பவுண்டுக்கு 3 பென்ஸ் இறக்குமதி வரி அப்படியே நின்றது. பாஸ்டன்காரர்களின் கோபம் விலை மீது இல்லை, அந்த 3 பென்ஸ் மீதுதான்.

கேலி செய்யப்பட்டவர் யார்?

இதுதான் இந்தப் படத்தின் முக்கியமான சங்கதி. இன்றைக்கு இதை வாங்கி மாட்டுகிறவர்கள் போராட்டக்காரர்களின் வீரப் படமாக மாட்டுகிறார்கள். வரைந்தவரோ லண்டன்காரர், விற்றது லண்டன் வாடிக்கையாளர்களுக்கு. படத்தில் இருக்கும் ஐந்து பேரின் முகத்தையும் உற்றுப் பாருங்கள். கோணல் சிரிப்பு, முரட்டுத் தாடை, ஒருவன் மீது ஐந்து பேர். 'சுதந்திரம் கேட்கிற லட்சணத்தைப் பாருங்கள்' என்று சொல்லும் படம் இது. பரிதாபம் தார் பூசப்பட்டவருக்கு, கேலி பூசியவர்களுக்கு.

கடைக்காரர் எந்தப் பக்கம்? அவர் கல்லாப்பெட்டிப் பக்கம். இதே சேயரும் பென்னட்டும் 1776-ல் அமெரிக்கப் போருக்குப் போகும் அதிகாரிகளுக்காக, கையோடு கொண்டுபோகும் அளவில் ராணுவ வரைபடத் தொகுப்பு ஒன்றையும் வெளியிட்டார்கள். சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேர்தல் சமயத்தில் காலை ஷிப்டில் ஒரு கட்சியின் சுவரொட்டியும் இரவு ஷிப்டில் எதிர்க்கட்சியின் சுவரொட்டியும் ஒரே மெஷினில் ஓடும். மெஷின்மேன் நடுவில் பிளாங்கெட்டைத் துடைப்பார், அவ்வளவுதான்.

கேலி வீரமாக மாறியது கல்லில்

1830-ல் பாஸ்டனிலேயே இந்தப் படத்துக்கு மறுபதிப்பு வந்தது. டேவிட் கிளேபூல் ஜான்ஸ்டன் என்ற ஓவியர் லண்டன் பிரதியைப் பார்த்து அச்சுக்கல்லில் வரைய, பெண்டில்டன் என்ற லித்தோ அச்சகம் அடித்தது. லண்டனில் வந்த படத்திலிருந்து கல்லில் நகலெடுத்தது என்று படத்தின் கீழேயே அச்சிட்டும் வைத்தார்கள். தேயிலை கொட்டிய தலைமுறையில் மிஞ்சியிருந்த கிழவர்களைத் தேடிப் பிடித்து ஊர் கொண்டாடத் தொடங்கிய காலம் அது. மண்டையில் அடி வாங்கிய அதே ஹியூஸின் நினைவுகள் 1834-ல் புத்தகமாகவே வந்துவிட்டன. அடித்தவரின் பெயரை மறந்த ஊர், அடி வாங்கியவரைப் படம் பிடித்து மாட்டியது.

லித்தோ முறையை 1790-களின் கடைசியில் ஜெர்மனியில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தார். எண்ணெய்ப் பசை மையால் கல்லில் வரைந்து, கல்லை நனைத்து, உருளையில் மை ஓட்டினால் ஈரம் உள்ள இடம் மையைத் தள்ளும், வரைந்த இடம் பிடித்துக்கொள்ளும். இன்றைய ஆஃப்செட் பிளேட்டும் இதே தண்ணீர்-மை பகையில்தான் ஓடுகிறது. சிவகாசியும் கல்லில் தொடங்கிய ஊர்தான். 1923-ல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்று வந்து தீப்பெட்டி ஆலையைத் தொடங்க, தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக வந்த லித்தோ அச்சகங்கள்தாம் பிறகு காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் கிளை விட்டன. இன்னும் பழைய அச்சக முற்றங்களில் அந்தக் கற்கள் துணி துவைக்க உதவிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

காலண்டருக்கு வரி!

1765 முத்திரை வரிச் சட்டம் எதற்கெல்லாம் வரி போட்டது தெரியுமா? பத்திரம், செய்தித்தாள், விளம்பரம், சீட்டுக்கட்டு, தாயக்கட்டை. கூடவே காலண்டர். ஒரே தாளில் ஒரு பக்கம் அச்சிட்ட வருஷக் காலண்டருக்கு 2 பென்ஸ், மற்றவற்றுக்கு 4 பென்ஸ். சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், தாயக்கட்டை ஒரு ஜோடிக்கு 10 ஷில்லிங்.

அதாவது, அந்தக் காலத்து அச்சுத் தொழிலின் மொத்த ஆர்டர் புத்தகத்தையும் பார்த்து எழுதிய மாதிரி ஒரு சட்டம். அச்சகக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தின நாள், 1765 அக்டோபர் 31 அன்று, பிலடெல்ஃபியாவின் 'பென்சில்வேனியா ஜர்னல்' கல்லறைக் கல்லின் வடிவத்தில் முதல் பக்கத்தை அடித்தது. முத்திரை விழ வேண்டிய இடத்தில் மண்டை ஓடும் எலும்பும். ஒரு அரசு எந்தத் தொழிலை வேண்டுமானாலும் பகைத்துக்கொள்ளலாம். மையும் தாளும் கையில் வைத்திருப்பவனைப் பகைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

சட்டத்துக்குப் பாடை

சட்டம் ரத்தானதும் லண்டனில் பெஞ்சமின் வில்சன் வரைந்த படம் வந்தது. 1766 மார்ச் 18. முத்திரை வரிச் சட்டம் செத்துவிட்டது, சின்னஞ்சிறு சவப்பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர் சட்டத்தைக் கொண்டுவந்த முன்னாள் பிரதமர் ஜார்ஜ் கிரென்வில். சட்டத்துக்குப் பாடை கட்டித் தெருவில் தூக்கிப்போய் ஒப்பாரி வைக்கும் நம்மூர்ப் போராட்ட உத்திக்கு எட்டுக் கடல் தாண்டி ஓர் அண்ணன்.

விலை 1 ஷில்லிங். நாலே நாளில் 2,000 பிரதி விற்றது. அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சிவகாசி வாசகர் ஊகித்திருப்பார். பாதி விலைக்குப் போலிப் பிரதி வந்துவிட்டது.

கெண்டி வியாபாரம்

'முத்திரை வரி வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் எழுதிய தேநீர்க் கெண்டிகள் அமெரிக்க வீடுகளில் இருந்தன. செய்தது இங்கிலாந்தின் டெர்பி நகரத்துப் பீங்கான் பட்டறை.

திருடப்பட்ட படங்கள்

'பாஸ்டன் படுகொலை' என்ற 1770-ம் ஆண்டுப் படம் அமெரிக்க வரலாற்றிலேயே அதிகம் அச்சான படங்களில் ஒன்று. பெயர் வாங்கியவர் பால் ரெவியர் என்ற வெள்ளிப் பத்தர். மூலத்தை வரைந்தவர் ஹென்றி பெல்ஹம். தன்னை நடுவழியில் மறித்துக் கொள்ளையடித்ததற்குச் சமம் இது என்ற பொருளில் பெல்ஹம் ரெவியருக்குக் கடிதம் எழுதினார்.

ரெவியர் திருந்தவில்லை. 1774-ல் ஒரு லண்டன் பத்திரிகையில் அமெரிக்காவை ஒரு பெண்ணாக வரைந்து, அவள் வாயில் பிரிட்டிஷ் அமைச்சர் கசப்பு மருந்தாகத் தேநீரை ஊற்றுகிற சித்திரம் வந்தது. இரண்டே மாதத்தில் ரெவியர் அதை பாஸ்டன் பத்திரிகை ஒன்றுக்குச் செதுக்கிக் கொடுத்தார். அவர் கைவண்ணம் ஒன்று உண்டு: கெண்டியின் மேல் 'தேநீர்' என்று எழுதிச் சேர்த்தார். புரியாத வாசகருக்கு உதவி.

யார்க்டவுனில் தோற்றவர் பாளையக்காரர்களிடம் வந்தார்

1781-ல் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ். வரி கேட்டுத் தோற்ற போரின் கடைசி அத்தியாயம் அது. அவரையே 1786-ல் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். 1792-ல் ஆற்காடு நவாபோடு அவர் காலத்தில் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, தெற்குப் பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு வந்தது. நவாபுக்குக் கட்டலாமா, கம்பெனிக்குக் கட்டலாமா என்ற இழுபறி அதோடு முடிந்தது. கம்பெனி கலெக்டர் நேரே வாசலுக்கு வந்தார்.

காரன்வாலிஸையும் லண்டன் விட்டுவைக்கவில்லை. 1791-ல் அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடிக்கப் போய் மழையிலும் பசியிலும் பின்வாங்கியபோது ஜேம்ஸ் கில்ரே ஒரு படம் போட்டார். கழுதை மேல் காரன்வாலிஸ் ஓடுகிறார். பருவமழை தொடங்கிவிட்டது என்று தலைப்பு. அந்த மழை கோட்டை மேலிருந்து எப்படிப் பொழிகிறது என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. வானத்திலிருந்து இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

ஒரு கேலிப்படம் கவிழ்த்த மசோதா

கம்பெனியை அடக்க 1783-ல் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் இந்திய மசோதா கொண்டுவந்தார். ஜேம்ஸ் சேயர்ஸ் என்பவர் ஃபாக்ஸை மொகலாய பாதுஷா வேடத்தில் யானை மேல் ஏற்றி, கம்பெனித் தலைமையகம் இருந்த லெடன்ஹால் தெருவுக்குள் ஊர்வலம் விட்டார். யானையின் முகம் கூட்டணித் தலைவர் நார்த் பிரபுவின் முகம். டிசம்பர் 5-ல் படம். அதே மாதம் 17-ல் பிரபுக்கள் சபையில் மசோதா தோற்றது. நாடாளுமன்றப் பேச்சுகளைவிட சேயர்ஸின் படங்கள்தாம் தனக்கு அதிகம் கெடுதல் செய்தன என்று ஃபாக்ஸ் சொன்னதாகச் சொல்வார்கள். அடுத்து ஆட்சிக்கு வந்தவர் சேயர்ஸுக்கு அரசு வேலை கொடுத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்க்க மறுத்த கலெக்டர்

1798-ல் பாளையக்காரர் கட்டபொம்மன் பேரில் கம்பெனி எழுதிய கிஸ்தி பாக்கி 3,310 வராகன். ராமநாதபுரத்துக்கு வந்து பார்க்கும்படி கலெக்டர் ஜாக்சன் ஆகஸ்டில் உத்தரவிட்டார். உத்தரவைப் போட்டுவிட்டு அவர் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். வழியிலேயே பார்த்துவிடலாம் என்று கட்டபொம்மன் குற்றாலத்தில் முயன்றார், ஸ்ரீவில்லிபுத்தூரில் முயன்றார். இரண்டு இடத்திலும் ஜாக்சன் மறுத்தார். செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்திப்பு நடந்தபோது கணக்குப் பார்த்ததில் பெரும்பகுதி கட்டியாகிவிட்டது; நிலுவை 1,080 வராகன்தான். ஆனாலும் நிற்கவைத்தே பேசினார்கள். கைகலப்பு, கோட்டை வாசலில் லெப்டினன்ட் கிளார்க் கொலை, செயலாளர் சிவசுப்பிரமணிய பிள்ளை சிறை.

பலரும் கவனிக்காத பின்கதை ஒன்று உண்டு. கம்பெனியே விசாரணைக் குழு போட்டது. குழு கட்டபொம்மன் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னது. சிவசுப்பிரமணிய பிள்ளை விடுதலையானார், ஜாக்சன் வேலை போயிற்று. அதற்கு அடுத்த வருஷமே, 1799 அக்டோபர் 16-ல், மேஜர் பானர்மேன் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார். சினிமாவில் ஜாக்சனை நாம் ஆயுசுக்கும் திட்டித் தீர்த்துவிட்டதால் பானர்மேனுக்குக் கொஞ்சம் தப்பிப்பு.

ஏழாயிரம்பண்ணையும் அந்தப் பட்டியலில்

கட்டபொம்மனோடு சேர்ந்ததற்காக நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர், கோலார்பட்டி பாளையங்களையும் கம்பெனி பறிமுதல் செய்தது. கூடவே ஏழாயிரம்பண்ணை. இன்று வெம்பக்கோட்டை வட்டத்தில் பட்டாசு ஆலைகளுக்குப் பேர்போன அதே ஏழாயிரம்பண்ணைதான்.

சுவரில் ஒட்டிய முதல் எதிர்ப்பு

பாளையக்காரர் போருக்கு லண்டன் மாதிரி கேலிச் சித்திரம் பிறக்கவில்லை. சுவரொட்டி பிறந்தது. 1801 ஜூன் 16-ல் மருது சகோதரர்களின் பிரகடனம் திருச்சிக் கோட்டையில் நவாப் அரண்மனைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அச்சு இல்லை, கையெழுத்து. சாதி மதம் பார்க்காமல் எல்லாரும் சேர்ந்து வெள்ளையரை விரட்டச் சொன்னது. அதில் ஒரு நிபந்தனை நம்ம ஊர் ஒட்டுபவர்களுக்குப் பிடிக்கும்: இதைச் சுவரிலிருந்து கிழிப்பவன் பஞ்சமா பாதகம் செய்தவன் ஆவான்! 'இங்கே நோட்டீஸ் ஒட்டாதே' என்று எழுதுகிறவர்களுக்குப் பழைய எதிர்வாதம் கிடைத்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருதிருவரையும் தூக்கிலிட்டார்கள்.

கட்டபொம்மன் முகம்

பாஸ்டனில் படம் செய்த வேலையைத் தென்பாண்டியில் கதைப்பாடலும் கும்மியும் கூத்தும் செய்தன. நூற்றைம்பது வருஷம் கட்டபொம்மன் காதால் கேட்கப்பட்டவர். 1959-ல் பி.ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' டெக்னிகலரில் வந்தபின் கண்ணால் பார்க்கப்பட்டவரானார். அதன் முதல் காட்சி எந்த ஊரில் தெரியுமா? லண்டனில், 1959 மே 10 அன்று. கிஸ்தி கேட்டவர்கள் ஊரிலேயே கிஸ்தி மறுத்தவருக்குத் திரை விலகியது.

அதன் பிறகு அச்சான மீசையும் தலைப்பாகையும் யாருடையவை என்று சொல்ல வேண்டாம். நம் கண்ணில் நிற்பது சிவாஜி கணேசன் முகம். கயத்தாற்றில் நிலம் வாங்கிச் சிலை வைத்தவரும் அவரே. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து சிவகாசி அச்சடித்த காலண்டர்களால் வீட்டுக்கு வீடு ஒரே முருகன் முகம் நிலைத்ததே, கட்டபொம்மனுக்கு அந்த வேலையை சினிமா பார்த்துக்கொண்டது.

எட்டயபுரத்துக்காரர் போட்ட படங்கள்

கட்டபொம்மன் கதையில் கம்பெனி பக்கம் நின்ற பாளையம் எட்டயபுரம். தமிழில் கம்பெனியின் வாரிசுகளைக் கேலிச் சித்திரத்தால் முதலில் குத்திய பத்திரிகையை நடத்தியவரும் எட்டயபுரத்தில் பிறந்தவர். 1906-ல் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் பாரதி முதல் பக்கத்தில் கருத்துப்படம் போட்டார், சிவப்புத் தாளில் அடித்தார். இந்தியாவின் செல்வம் கப்பலேறுவதே அந்தப் படங்களில் அடிக்கடி வரும் பொருள். அவற்றைத் தொகுத்து ஆ.இரா. வேங்கடாசலபதி தனி நூலாகவே வெளியிட்டிருக்கிறார். சிவகாசியில் ஒரு வருஷமாவது யாராவது அவற்றை மாதக் காலண்டராகப் போடலாம். பன்னிரண்டு படத்துக்குப் பஞ்சமில்லை.

தீப்பெட்டிக்காரர்கள் ஜெயித்த வரிப் போராட்டம்

1871. பிரிட்டிஷ் நிதியமைச்சர் ராபர்ட் லோ தீப்பெட்டி ஒன்றுக்கு அரை பென்னி வரி அறிவித்தார். வெளிச்சத்திலிருந்து சின்ன லாபம் என்று லத்தீனில் ஒரு சிலேடையைப் போட்டு வரி வில்லையும் தயார் செய்தார். கிழக்கு லண்டனில் தீக்குச்சி செய்துவந்த பெண்களும் சிறுமிகளும் ஆயிரக்கணக்கில் நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடுத்தது, ஆனால் சில நாளிலேயே வரி வாபஸ். அதன் நினைவாக அடுத்த வருஷம் போ சாலையில் ஒரு நீரூற்று கட்டினார்கள். 1953-ல் இடித்தும் விட்டார்கள்.

அந்த யோசனை சாகவில்லை. 1934-ல் பிரிட்டிஷ் இந்தியா தீப்பெட்டிக்குக் கலால் வரிச் சட்டம் போட்டது. வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டி மேல் 'பேண்ட்ரோல்' என்ற காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். அந்தப் பட்டையைத் தடவி ஒட்டிய கைகளின் சொந்தக்காரர்கள் இந்த வட்டாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஜிஎஸ்டி காலத்தில் கையால் செய்த தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவீதம் என்று இருந்து 2020 ஏப்ரல் முதல் இரண்டுக்கும் 12 ஆனது. பட்டாசுக்கு 2017-ல் 28 என்றதும் சிவகாசி ஆலைகள் கதவடைப்பு நடத்தின. அந்த ஆண்டு நவம்பரில் 18 ஆக்கினார்கள். தார் வாளி தேவைப்படவில்லை.

போஸ்டரின் கீழ்வரி

டாவின் படம் எந்தத் தேதியில், எந்தக் கடையில் வந்தது என்பது இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் ஓவியர் ஹோகார்த். தன் படங்களைப் போலி அடிப்பவர்களோடு மல்லுக்கட்டி அவர் வாங்கித் தந்த சட்டம் 1735-ல் அமலுக்கு வந்தது. படத்தின் அடியில் வெளியிட்ட தேதியும் உரிமையாளர் பெயரும் இருந்தால் 14 ஆண்டு உரிமை. அதனால்தான் 18-ம் நூற்றாண்டு லண்டன் படங்கள் பலவற்றிலும் பொடி எழுத்தில் ஒரு கீழ்வரி ஓடும்.

நம் சுவரொட்டிகளிலும் ஓடுகிறது, வேறு காரணத்துக்காக. 1867-ல் வந்த அச்சகச் சட்டம் அச்சடித்தவர் பெயரும் ஊரும் போடச் சொன்னது. அரசுக்கு ஆகாத தாள் ஒன்று கையில் கிடைத்தால் யார் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டுமே. தேர்தல் சுவரொட்டிக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயர் முகவரியையும் கேட்கிறது. லண்டனில் ஓவியனைக் காக்க வந்த வரி, இங்கே அச்சகக்காரரைப் பிடிக்க வந்த வரி.

நாரணாபுரத்தில் இதை அடிக்க வேண்டுமானால்

உரிமைத் தொல்லை இல்லை. இந்தியாவில் காப்புரிமை படைப்பாளி இறந்து 60 ஆண்டு வரைதான். டா விஷயத்தில் அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் பிரதியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, அதையே எடுங்கள். புத்தகத்தில் அச்சான படத்தை ஸ்கேன் செய்தால் புள்ளி மேல் புள்ளி விழுந்து கட்டம் கட்டமாக அலையடிக்கும்.

மூலம் மெசோடின்ட் என்ற முறையில் ஆனது. செப்புத் தகட்டைப் பல் வைத்த கருவியால் முழுக்கச் சொரசொரப்பாக்கிவிடுவார்கள். அப்படியே அடித்தால் தாள் முழுக்கக் கறுப்பு. பிறகு வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். இருட்டிலிருந்து முகங்கள் வெளியே வருவது அதனால்தான். தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும், நல்ல பிரதி சில நூறுதான் தேறும். இன்று ஒரு செட் பிளேட்டில் அதைவிட நூறு மடங்கு ஓட்டலாம். ஆனால் அந்தக் கறுப்பு, கறுப்பு மை ஒன்றில் மட்டும் அடித்தால் வராது. ஆர்ட் பேப்பரில் சாம்பலடித்துப் போகும். அடியில் கொஞ்சம் நீலம் கொடுத்து இரட்டைக் கறுப்பாக ஓட்டச் சொல்லுங்கள். மேட் லேமினேஷன் போதும். பளபளப்பு போட்டால் தாருக்குப் பதில் கிரீஸ் மாதிரி தெரியும்.

ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானபின் மெஷின் கிடைக்காது, ஆகவே வைகாசிக்குள் ஆர்டர் கொடுத்துவிடுவது நல்லது. ட்ரிம் பண்ணும்போது கீழ் ஓரத்தில் ஃப்ளீட் தெரு 53-ம் எண் கடையின் முகவரி இருக்கும். அதை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று கட்டிங் மெஷின்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.